கம்பம் திராட்சை, மலை ஏலக்காய்: மருந்து எச்சப் பரிசோதனைக்கு மாதிரி தயாரிப்பது எப்படி?

பூச்சி மருந்து எச்சப் பரிசோதனை என்றாலே எல்லாரும் முதலில் கேட்பது எந்த மெஷின், எத்தனை மருந்து பார்ப்பார்கள், எவ்வளவு கட்டணம் என்பதுதான். மாதிரியை யார் எடுத்தார்கள், எதில் கட்டினார்கள், எத்தனை மணிக்குப் பஸ்ஸில் ஏற்றினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கம்பம், கூடலூர், குமுளி, போடி பக்கம் "ரிப்போர்ட்டே சரியில்லப்பா" என்று பேச்சு கிளம்பும் இடத்திலெல்லாம் விசாரித்தால், கோளாறு பெரும்பாலும் மெஷினுக்கு வெகு முன்னால் தோட்டத்திலோ மூட்டையிலோ வெட்டுப் பலகையிலோ நடந்திருக்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்த களப் பணியாளர்கள், ஏலக்காய் வியாபாரத்தில் கால் வைப்பவர்கள், ஆய்வகத்தில் மாதிரி தயாரிக்கும் மேஜையில் உட்காரப் போகிறவர்கள் ஆகிய மூவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எந்த அளவுக்கு நுணுக்கமான வேலை என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரு பயிருக்கு ஒரு மருந்துக்கெனத் தனி வரம்பு எதுவும் வகுக்கப்படாவிட்டால், இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலான பொருள்களுக்குப் பொது வரம்பாக வைத்திருப்பது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பத்து டன் லாரி நிறையத் தக்காளி ஏற்றினால், அத்தனைக்கும் சேர்த்து 100 மில்லிகிராம்தான் அனுமதி. பாரசிட்டமால் 500 மாத்திரை ஒன்றில் ஐந்தில் ஒரு பங்கு. மருந்து அடித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒரு குலையைப் பறித்துப் பையில் போட்டால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதற்காகப் பார்க்கிறோம்?

இதற்குப் பதில் தெரியாமல் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கக் கூடாது. தோட்டத்தில் மருந்து ஆறிவிட்டதா, அறுவடைக்கு விடலாமா என்று பார்ப்பது ஒன்று. மண்டிக்கு வந்த சரக்கு தேறுமா என்பது இன்னொன்று. வாங்குபவர் கேட்கும் சான்றிதழ் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் மாதிரி எடுக்கும் இடமே வேறு.

சபரிமலை அரவணை விவகாரம் நினைவிருக்கும். பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் மருந்து எச்சம் இருக்கிறது என்ற புகாரில் 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. லட்சக்கணக்கான டின்கள் சன்னிதானத்திலேயே முடங்கின. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கின் நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். சோதிக்க வேண்டியது சேர்மானமான ஏலக்காயையா, வெந்து டின்னில் அடைத்த பாயசத்தையா என்பதில் கதையே மாறிவிடுகிறது, பாருங்கள். உங்கள் வேலையிலும் அப்படித்தான். பச்சைக் காயா, ஸ்டோரில் (ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில்) உலர்த்திய காயா, பொடியா என்று முதல் வரியிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி எடுக்கும் மாதிரி வேறு, நாம் தெரிந்துகொள்ள எடுக்கும் மாதிரி வேறு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுத்தால் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை நான்கு பங்காக்கி முத்திரை வைப்பார். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும், இரண்டு நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. பலருக்கு இது தெரியாமல் நான்காம் பங்கை விட்டுவிடுகிறார்கள். நாமாக எடுத்து அனுப்பும் மாதிரியின் ரிப்போர்ட்டில் "அனுப்பியவர் கொடுத்த மாதிரிக்கு மட்டும் பொருந்தும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை மறைத்து நகலெடுத்து வாங்குபவரிடம் நீட்டுவது இங்கே ஒரு பழக்கம். வேண்டாம்.

ஆய்வகத்துடன் முன்கூட்டியே பேசுங்கள்

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மருந்து எச்ச ஆய்வகம் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம், நறுமணப் பொருள் வாரியத்தின் கொச்சி ஆய்வகம். தனியார் ஆய்வகங்களும் உண்டு. எதுவானாலும் ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அந்த அங்கீகாரத்தின் 'ஸ்கோப்' பட்டியலில் உங்கள் பொருளும் உங்கள் மருந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். காய்கறிக்கு அங்கீகாரம் வாங்கிய இடத்தில் ஏலக்காய்க்கு இல்லாமல் போகலாம்.

பலமருந்துச் சோதனை என்றால் எல்லா மருந்தும் அகப்பட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். திராட்சையில் அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் மான்கோசெப் அதில் வராது, அதற்குத் தனி முறை. களைக்கொல்லிகளில் கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் அப்படித்தான். போர்டோ கலவையின் செம்பும் வராது. அதனால் மருந்து அடித்த நோட்டைப் பார்த்து, கடந்த சில வாரங்களில் என்னென்ன அடித்தார்கள் என்ற பட்டியலையும் மாதிரியோடு அனுப்புங்கள். நோட்டு இல்லையென்றால் பூச்சிமருந்துக் கடை பில்லைக் கேளுங்கள். ஆய்வகத்தைக் கண்ணைக் கட்டித் தேடவிடுவதில் யாருக்கும் லாபமில்லை.

அனுப்பும் நாளும் முக்கியம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் ஏற்றினால் திங்கள் காலைவரை பெட்டி எங்கேயோ வெயிலில் கிடக்கும். திங்கள் அல்லது செவ்வாய் எடுத்து அன்றைக்கே ஏற்றுவது நல்லது.

தோட்டத்தில் திராட்சை

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும் ஊர் இது. ஒரு தோட்டத்தில் பழம் வெட்டும்போதே பக்கத்துத் தோட்டத்தில் பூ நிலையில் மருந்து ஓடிக்கொண்டிருக்கும். மாதிரி எடுப்பவருக்குத் தலைவலியே இதுதான். காற்றில் வரும் சாரல் ஓர வரிசையில் படும். அதனால் பந்தலின் நான்கு ஓரத்திலும் இரண்டு வரிசையாவது தள்ளி உள்ளே போய்விடுங்கள். ஸ்பிரேயர் கழுவும் இடம், மருந்து கலக்கும் தொட்டிப் பக்கம், பாதையோரம் ஆகியவற்றையும் ஒதுக்குங்கள்.

உள்ளே நேர்க்கோட்டில் நடக்காதீர்கள். குறுக்கும் நெடுக்குமாக வளைந்து நடந்து, குறைந்தது 12 கொடிகளிலிருந்து குலை எடுங்கள். வெயில் படும் பக்கம், நிழல் பக்கம், இலை மறைத்த குலை, வெளியே தொங்கும் குலை எல்லாம் கலந்து வர வேண்டும். பந்தலுக்குக் கீழிருந்து மருந்து அடிப்பதால் குலையின் அடிப்பக்கம் அதிகமாகவும் மேல்தோள் குறைவாகவும் நனைந்திருக்கும். பழத்தை உருவி எடுத்தால் இந்தக் கணக்கு கெட்டுப்போகும். தோல் கிழிந்து சாறும் ஒழுகும். குலையாகவே கத்தரியுங்கள். பெரிய குலையாக இருந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டிக்கொள்ளலாம்.

குலையின் மேல் வெள்ளையாகச் சாம்பல் பூத்தது போல ஒரு படலம் இருக்கும். அது பழத்தின் இயற்கை மெழுகு. மருந்தில் நல்ல பங்கு அந்த மெழுகில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் ஒருமுறை தடவினாலே அந்த இடம் கறுப்பாகப் பளபளக்கும். அப்படிப் பளபளத்தால் அங்கிருந்த மெழுகு உங்கள் கையுறைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். காம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

கழுவக் கூடாது. இதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மாட்கள் நல்ல மனதோடு செய்யும் காரியம் அது. கூடலூர்ப் பக்கம் ஒரு பெரியவர் கிணற்றடியில் வைத்துக் குலைகளை அலசிக்கொண்டிருந்தார். "அண்ணே, கழுவாம குடுங்கண்ணே" என்றேன். "கோயம்புத்தூர் ஆபீஸுக்குப் போறது தம்பி, தூசியும் தும்புமாவா அனுப்புறது? நம்ம ஊரப் பத்தி என்ன நெனப்பாங்க?" என்றார். மரியாதைக்காகச் செய்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் அந்தக் குலை இனிமேல் சோதனைக்கு ஆகாது. மழை பெய்து நனைந்த குலையும் அன்றைக்கு வேண்டாம், காயட்டும்.

கைச் சுத்தம் பற்றிச் சில விஷயங்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் புதுக் கையுறை. அன்றைக்கு மருந்து கலக்கியவர், அடித்தவர், பாட்டிலைத் தூக்கியவர் யாரும் மாதிரியைத் தொடக் கூடாது. கொசு விரட்டும் கிரீம் தடவியிருந்தால் அதிலிருக்கும் டீட்டையும், சானிட்டைசர் போட்டிருந்தால் அதில் சில வகைகளில் உள்ள பென்சல்கோனியத்தையும் எச்சப் பட்டியலில் வைத்திருக்கும் ஆய்வகங்கள் உண்டு. பீடி, புகையிலை போடும் பழக்கம் உள்ளவர் தொட்டால் நிக்கோட்டின் வரும். அதுவும் ஒரு காலத்தில் பூச்சிமருந்தாக இருந்த சரக்குதானே! கத்தரிக்கோலைத் தோட்டத்துக்குத் தோட்டம் ஆல்கஹாலில் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஏலக்காய் மூட்டை

மலை மேலே குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் விளைந்து, ஸ்டோரில் உலர்ந்து, புற்றடியிலோ போடியிலோ ஏலத்துக்கு வரும் காய்க்கு வேறு விதமான சிக்கல். நாலைந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ. தண்ணீர் போகிறது, மருந்தில் பெரும்பகுதி அப்படியே நின்றுவிடுகிறது. பச்சையில் வரம்புக்குள் இருந்த அளவு உலர்ந்ததும் மேலே ஏறுவதற்கு இதுவே காரணம். யாரோ நடுவில் கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது கலப்பு. வியாபாரி கையில் இருக்கும் ஒரு லாட்டில் பல தோட்டத்துக் காய் இருக்கும். சல்லடையில் போட்டு 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று தரம் பிரித்த பிறகு கலந்திருந்தால் ஒரே மூட்டைக்குள்ளும் ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வழிகாட்டியில் நன்றாகக் கலக்காத சரக்குக்கு ஒரு எண்ணிக்கை கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் 50 கிலோவுக்குக் கீழ் என்றால் 3 இடம், 50 முதல் 500 கிலோவரை 5 இடம், அதற்கு மேல் 10 இடம். இவை குறைந்தபட்சம்தான். பத்துத் தோட்டத்துக் காய் கலந்த லாட் என்று தெரிந்தால் நான் மூட்டைக்கு மூட்டை எடுப்பேன்.

அரிசிக்குப் போடுவது போலக் குத்தூசி போடாதீர்கள், காய் உடையும். சாக்கின் வாயைத் திறந்து, உள்ளே இருக்கும் பாலித்தீன் பையோடு ஒரு பக்கம் சாய்த்து, மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எவர்சில்வர் கரண்டியால் அள்ளுங்கள். அடியில் உதிர்ந்த விதையும் தோல்தூளும் தங்கியிருக்கும். "அது கழிவு, வேணாம்" என்று வியாபாரி தடுப்பார். விற்கும்போது அதுவும் எடையில்தானே போகிறது? அதனால் மாதிரியிலும் அதன் பங்குக்கு வரட்டும்.

அள்ளியதையெல்லாம் புதிய பாலித்தீன் விரிப்பில் கொட்டி நன்றாகக் கலந்து, கூம்பாகக் குவியுங்கள். உச்சியைத் தட்டிப் பரப்பி, நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர்ப் பங்கு இரண்டை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் சாக்குக்கே திருப்பிவிடுங்கள். மீண்டும் குவியல், மீண்டும் நான்கு. முக்கால் கிலோ அளவுக்கு வந்ததும் நிறுத்தி, மூன்று சம பொட்டலமாகக் கட்டுங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று உங்களிடம், ஒன்று சரக்குக்காரரிடம். உலர்ந்த நறுமணப் பொருளுக்குக் கோடெக்ஸ் கேட்கும் குறைந்த அளவு 100 கிராம்தான், ஆனால் அரைத்து இரண்டு மூன்று சோதனை போட்டால் அது பற்றாது.

பச்சை நிறம் நிற்பதற்காகச் சோடா உப்புத் தண்ணீரில் முக்கியிருந்தால், விறகுப் புகை உள்ளே வந்த பழைய ஸ்டோரில் உலர்த்தியிருந்தால், அதையும் மாதிரியோடு போகும் சீட்டில் எழுதுங்கள்.

மற்ற காய்கறிகள்

கடையிலோ மண்டியிலோ எடுக்கும்போது அளவு எளிது. தக்காளி, கத்தரி போல நடுத்தர அளவுக் காய் என்றால் ஒரு கிலோ, குறைந்தது 10 காய். முட்டைகோஸ், வெள்ளரி, திராட்சைக் குலை போலப் பெரியது என்றால் இரண்டு கிலோ, குறைந்தது 5 எண்ணம். கொத்தமல்லி, புதினா போன்ற தழைக்கு அரைக் கிலோ. கறிவேப்பிலைக்கும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். அழுகியதும் நசுங்கியதும் வேண்டாம். ஆனால் நல்லதாகத் தேடிப் பொறுக்கவும் வேண்டாம், வாங்க வந்தவர் போல இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது போல எடுங்கள்.

கட்டுவதும் அனுப்புவதும்

புது ஜிப் பாலித்தீன் பை. செய்தித்தாள் கூடாது, பழைய பிஸ்கட் கவர் கூடாது, உரச்சாக்கு பக்கத்திலேயே வரக் கூடாது. திராட்சை போல ஈரம் கசியும் பழத்துக்கு இரட்டைப் பை. சீட்டை மாதிரி இருக்கும் பைக்குள் போட்டால் ஈரத்தில் எழுத்து கரையும், மையும் மாதிரியில் ஒட்டும். இரண்டு பைக்கும் நடுவில் வையுங்கள். எழுதுவதற்குப் பென்சிலே உத்தமம்.

சீட்டில் மாதிரி எண், பொருள், ரகம், ஊர், எடுத்த தேதி, மணி, கடைசியாக மருந்து அடித்த தேதி, எடுத்தவர் கையெழுத்து இருக்கட்டும். விவசாயி பெயரை ஆய்வகத்துக்குப் போகும் சீட்டில் எழுதாமல் எண்ணோடு நிறுத்தி, பெயரை உங்கள் பதிவேட்டில் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

தெர்மாகோல் பெட்டியில் ஜெல் ஐஸ் பேக் அடுக்கி, நடுவில் அட்டை வைத்து, அதன் மேல் பை. ஐஸ் நேராகப் படும் இடத்தில் பழம் உறைந்து வெடிக்கும். ஐஸ் கட்டியை உடைத்துக் கொட்டினால் உருகிய தண்ணீரில் எல்லாம் மிதக்கும். 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் 5 டிகிரிக் குளிர்ச்சி போதும். முடியாது என்றால் ஆய்வகத்தைக் கேட்டு மைனஸ் 20 டிகிரியில் உறைய வைத்து, உறைந்த நிலையிலேயே அனுப்ப வேண்டும். பாதி உருகி மறுபடி உறைந்தால் சாறும் சதையும் பிரிந்துவிடும். ஏலக்காய்க்கு இந்தக் குளிர் ஏற்பாடு எதுவும் தேவையில்லை, ஈரமும் வெயிலும் படாமல் இருந்தால் சரி. மருந்துக்கடைக்குச் சரக்கு ஏற்றும் வண்டியில் மட்டும் எதையும் அனுப்பாதீர்கள்.

ஆய்வக மேஜையில்: எந்தப் பகுதி?

இனி ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு. பெட்டி வந்ததும் வெப்பநிலை, பை கிழிந்திருக்கிறதா, சீட்டும் பொருளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் வெட்டுவதற்கு முன்பே அனுப்பியவரைக் கூப்பிடுங்கள்.

வரம்பு எந்தப் பகுதிக்கு விதிக்கப்பட்டதோ அந்தப் பகுதியைத்தான் சோதிக்க வேண்டும். நாம் சாப்பிடும் பகுதியும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வாழைப்பழத்தைத் தோலோடு அரைக்க வேண்டும் என்றால் புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள், ஆனால் விதி அதுதான். ஆரஞ்சும் எலுமிச்சையும் தோலோடுதான். மாம்பழத்தில் கொட்டையை நீக்கி அரைத்து, கணக்கை மட்டும் கொட்டையோடு சேர்ந்த முழுப் பழ எடைக்குப் போட வேண்டும், அதனால் கொட்டையின் எடையைக் குறிக்க மறந்தால் முடிந்தது கதை. திராட்சையில் காம்பு நீக்கிய பழம். தக்காளி, கத்தரியில் காம்பு நீக்கணும். கோஸில் அழுகிய, வாடிய இலையை மட்டும் உரிக்கலாம், பளிச்சென்று வெள்ளை வரும்வரை உரிக்கக் கூடாது. வெங்காயத்தில் வேரும் தானாக உதிரும் சருகும் போகும். கேரட், பீட்ரூட் போன்ற கிழங்கு வகைகளுக்கு மட்டும் சலுகை உண்டு. மண்ணைப் போக்கக் குளிர்ந்த ஓடும் தண்ணீரில் மெல்ல அலசி, ஒற்றித் துடைக்கலாம்.

மான்கோசெப் கேட்டிருந்தால் அந்தப் பங்கை அரைப்பதற்கு முன்பே தனியாக எடுத்துவிடுங்கள். பழச்சாறு பட்டதும் அது சிதைய ஆரம்பிக்கும். பெரிய துண்டுகளாக வெட்டி, தாமதிக்காமல் கார்பன் டைசல்ஃபைடு முறைக்கு அனுப்ப வேண்டும். கூழாக்கிய பிறகு நினைவு வந்து பயனில்லை.

அரைப்பது

இரண்டு கிலோ வந்ததில் கடைசியில் சோதனைக் குழாய்க்குள் போவது 10 கிராம். இருநூறில் ஒரு பங்கு. அந்தப் பத்துக் கிராம் மொத்தத்துக்கும் சாட்சி சொல்ல வேண்டுமானால் கூழ் ஒரே சீராக இருந்தாக வேண்டும். தோல் துணுக்கு ஒரு ஸ்பூனில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் விழுந்தால் இரண்டு விடை வரும், ஏனென்றால் மருந்து தோலில்தான் அதிகம்.

அதனால் முதலில் துண்டு போட்டு, மைனஸ் 20 டிகிரியில் கல்லாக உறைய வைத்து, ட்ரை ஐஸோடு (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) சேர்த்து அரைப்பதே சிறந்தது. மாவு போல வரும், சூடு ஏறாது, எளிதில் சிதையும் மருந்தும் தப்பும். அரைத்ததைப் பாத்திரத்தில் போட்டு மூடியை இறுக்கிவிடாதீர்கள். ட்ரை ஐஸ் ஆவியாகும் அழுத்தத்தில் டப்பா வெடிக்கும். தளர மூடி இரவு முழுக்க ஃப்ரீசரில் விட்டு, வாயு போன பிறகு எடை போடுங்கள். ஜன்னல் திறந்த அறையில் செய்ய வேண்டிய வேலை இது. ட்ரை ஐஸ் கிடைக்காத இடத்தில் உறைந்த துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு அரையுங்கள்.

ஏலக்காயைத் தோலும் விதையுமாக முழுக்காயாக அரைக்க வேண்டும். தோல் நாராக நிற்கும், விதை முதலில் பொடியாகும். சலித்து, நின்ற தோலை மறுபடி அரைத்து, அதே பொடியில் சேர்த்துக் கலக்குங்கள். சல்லடையில் தங்கியதைக் குப்பையில் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்தின் பங்கையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். ஏல எண்ணெய் ஆவியாகாமல் இருக்க இதற்கும் ஜாரைக் குளிர வைப்பது நல்லது.

ஒரு மாதிரிக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஜாரை சோப்பு, தண்ணீர், அசிட்டோன் என்று வரிசையாகக் கழுவுங்கள். அதன் அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைக் கழற்றிப் பாருங்கள். முந்தைய மாதிரி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிரித்தெடுப்பது

கூழிலிருந்து மருந்தைக் கரைப்பானுக்கு இழுத்தெடுக்க இப்போது எல்லா இடத்திலும் ஓடுவது க்வெச்சர்ஸ் முறை. அனஸ்டாசியாடெஸ், லெஹோட்டே குழுவினர் 2003-இல் வெளியிட்டது. அதற்கு முன் லிட்டர் கணக்கில் கரைப்பான் செலவான வேலை இப்போது 10 மில்லிலிட்டரில் முடிகிறது. ஐரோப்பியச் சிட்ரேட் வகையைச் சொல்கிறேன்.

1. 50 மி.லி. குழாயில் திராட்சைக் கூழ் 10 கிராம். ஏலப்பொடி என்றால் 2 கிராம்தான், அதோடு 10 மி.லி. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். உலர்ந்த பொடிக்குள் கரைப்பான் நேராக இறங்காது.
2. அளவு சரிபார்க்கும் உள்தரப் பொருளைச் சேர்த்து, 10 மி.லி. அசிட்டோநைட்ரைல் ஊற்றி ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹுட்டுக்குள் செய்யுங்கள், அந்த ஆவி நச்சு.
3. மெக்னீசியம் சல்ஃபேட் 4 கிராம், சோடியம் குளோரைடு 1 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 1 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் அரைக் கிராம் கலந்த உப்பைப் போட்ட கையோடு குலுக்க வேண்டும். நான்கு குழாய்க்கும் உப்பைப் போட்டுவிட்டு வந்து குலுக்கலாம் என்று நின்றால் முதல் குழாயில் உப்பு கட்டிதட்டிவிடும். குழாய் சூடாகும், பயப்பட வேண்டாம், ஐஸ் தண்ணீரில் வைத்துக்கொள்ளுங்கள்.
4. வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜில் 5 நிமிடம். கரைப்பான் மேலே, தண்ணீரும் சக்கையும் கீழே என்று அடுக்காகப் பிரியும்.
5. மேல் அடுக்கில் ஒரு பங்கு எடுத்துச் சுத்திகரிப்பு. ஒரு மி.லி.க்கு மெக்னீசியம் சல்ஃபேட் 150 மி.கி., பிஎஸ்ஏ என்ற சுத்திகரிப்புத் தூள் 25 மி.கி. திராட்சையின் சர்க்கரையையும் அமிலத்தையும் பிஎஸ்ஏ பிடித்துக்கொள்ளும். ஏலக்காயின் கொழுப்புச் சத்துக்கு சி18 என்ற இன்னொரு தூளையும் கூடச் சேர்க்க வேண்டும். கறிவேப்பிலை போலப் பச்சை அதிகமானதற்கு ஜிசிபி என்ற கரித்தூள்.

அந்தக் கரித்தூள் விஷயத்தில் கை நீளக் கூடாது. பச்சை முழுக்கப் போய்க் கண்ணாடி போலத் தெளிந்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தயபெண்டசோல் போலத் தட்டையான அமைப்புள்ள மருந்துகளையும் அது கூடவே இழுத்துக்கொள்ளும். லேசாகப் பச்சை மிச்சமிருப்பதே நல்லது.

கூடவே ஓட வேண்டிய இரண்டு

ஒவ்வொரு தொகுதியிலும் மருந்தே இல்லாத வெற்று மாதிரி ஒன்றும், தெரிந்த அளவு மருந்து சேர்த்த மாதிரி ஒன்றும் கூடவே வர வேண்டும். மருந்து சேர்ப்பது இப்படி: 10 கிராம் கூழில், மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் செறிவுள்ள கலவையில் 100 மைக்ரோலிட்டர் விட்டால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். விட்டவுடன் கரைப்பான் ஊற்றாமல் கால்மணி நேரமாவது ஊற விடுங்கள். போட்டதில் 70 முதல் 120 சதவீதம் திரும்பி வந்தால் சரி. வெற்று மாதிரியில் ஏதாவது வந்தால் அன்றைய தொகுதி முழுவதையும் நிறுத்திவிட்டு ஜார், கரைப்பான், கையுறை என்று தேடுங்கள். இயற்கை வேளாண்மைப் பழம் என்ற பெயருக்காக மட்டும் ஒன்றை வெற்று மாதிரியாக ஏற்காதீர்கள், சோதித்துப் பார்த்துவிட்டே ஏற்கணும்.

ஒப்பீட்டுக் கரைசல்களையும் அதே பொருளின் வெற்றுச் சாற்றில்தான் தயாரிக்க வேண்டும். ஏலக்காயின் எண்ணெய்கள் மெஷினில் சில மருந்தின் சைகையை அமுக்கும், சிலவற்றை ஊதிக்காட்டும். வெறும் கரைப்பானில் தயாரித்த ஒப்பீட்டுக் கரைசலை வைத்து ஏலக்காயை அளந்தால் விடை எங்கேயோ போய் நிற்கும்.

ரிப்போர்ட் வந்த பிறகு

"அளவீட்டு எல்லைக்குக் கீழ்" என்று போட்டிருந்தால் மருந்தே இல்லை என்று வாசிக்காதீர்கள். நம்பி அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவுதான் அந்த எல்லை. அது எவ்வளவு என்று பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது வரம்பைவிடப் பெரிதாக இருந்தால் அந்தச் சோதனையால் உங்கள் கேள்விக்குப் பதிலே கிடைக்கவில்லை. எண் வந்திருந்தால் அதன் பக்கத்தில் நிச்சயமின்மையையும், அதாவது விடை எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதையும், கேளுங்கள். இந்தத் துறையில் 50 சதவீதம் வரை சகஜம். வரம்பு 0.01 இருக்க, 0.012 வந்ததென்று விவசாயியோடு சண்டைக்குப் போவதும், 0.009 வந்ததென்று பட்டாசு வெடிப்பதும் ஒன்றுதான்.

முடிவில் தகராறு என்றால் கையிலிருக்கும் இரண்டாம் பொட்டலத்தை, சரக்குக்காரர் முன்னிலையில் முத்திரையைப் பார்த்துவிட்டு, வேறு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஏலக்காய் மாதங்கள் தாங்கும். திராட்சையின் இரண்டாம் பங்கு ஃப்ரீசரில் இருந்திருந்தால்தான் செல்லும், வீட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்திருந்தால் செல்லாது. ஆய்வகத்தில் மிச்சக் கூழை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதையும் மாதிரி கொடுக்கும் அன்றே கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.